ஒரு கால் தூக்கிய மயில்

போர்ட் பிளேரில் நான் கழித்த முதல் சில வருஷங்களை நினைத்தால், எல்லாமே அரைத்தூக்கத்தில் நடந்தது போலத்தான் இருக்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி மழை. மழை விட்டதும் கடலிலிருந்து வெண்மையாக ஓர் ஆவி கிளம்பி, டெலானிபூர் மேட்டில் இருந்த எங்கள் ஆபீஸ் ஜன்னல் வரைக்கும் ஏறி வரும். எதிரே இருக்கிற தீவு இருக்கிறதா, கரைந்து போய்விட்டதா என்று தெரியாது. கப்பல் வந்திருக்கிறது என்பதையே சங்கு ஊதினால்தான் நம்புவோம். அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்து நான் கோடு போட்டுக்கொண்டிருப்பேன்.

என் வேலைக்கு ட்ரேஸர் என்று பெயர். இன்ஜினியர்கள் பென்சிலால் போட்ட பாலம், படகுத்துறை, க்வார்ட்டர்ஸ் படங்களின் மேல் மெழுகுத் துணியை விரித்து, கறுப்பு மையால் அச்சு அசலாக நகல் எடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு கோடுகூடப் போடக் கூடாது. நிரந்தர வேலையும் இல்லை. மாதாமாதம் மஸ்டர் ரோலில் பெயர் எழுதினால்தான் அடுத்த மாதம் நாற்காலி. ஒரு நாட்டையே விட்டுவிட்டு வந்தவளுக்கு நாற்காலி என்ன பெரிய விஷயம் என்று வாய் பேசும். மாதக் கடைசியில் மஸ்டர் ரோலை எட்டிப் பார்க்கத்தான் செய்வேன்.

நான் ரங்கூனில் பிறந்தவள். அப்பாவுக்கு அங்கே ஒரு சின்ன ஜவுளிக்கடை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அப்புறம் அம்மா, அண்ணன், நான் மூன்று பேர்தான். அண்ணன் யுனிவர்சிட்டியில் படித்தான். பட்டாளம் ஆட்சியைப் பிடித்த வருஷம் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். அந்த ஜூலையில் ஒரு நாள், "சாயந்தரம் வந்துடுவேம்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனவன் வரவில்லை. செத்தான் என்று சொல்ல ஆள் இல்லை. இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை. இரண்டு வருஷம் காத்திருந்தோம். அதற்குள் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, எங்களைப் போன்றவர்களைக் கப்பலேறச் சொன்னது. அம்மா கிளம்ப மறுத்தாள். "அவன் வந்து கதவைத் தட்டினா யாருடி திறப்பா?" என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சே இல்லை. கடைசியில் தெருவில் இருந்த அத்தனை பேரிடமும், முக்கில் உட்கார்ந்து நூடுல்ஸ் விற்கிற பர்மாக்காரி உட்பட, மதராஸ் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். மதராஸிலிருந்து தூரத்து உறவு ஒருவரைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அந்தமானுக்கு வந்தது அந்தப் பர்மாக்காரிக்குத் தெரியாது. அம்மாவுக்கு அது தீராத உறுத்தல்.

அண்ணன் நன்றாக வரைவான். மாணவர்களின் கொடி சிவப்பு. அதில் மஞ்சளில் ஒரு மயில். நம் காலண்டர்களில் தோகையை விரித்து அழகு காட்டுகிற மயில் இல்லை. கழுத்தை முன்னால் நீட்டி, ஒரு காலைத் தூக்கி, இதோ பாய்கிறேன் என்று நிற்கும். தலையில் கொண்டை ஈட்டி மாதிரி ஒரே கற்றையாக நிமிர்ந்திருக்கும். பழைய பர்மா ராஜாக்களின் மயில் அது. வெள்ளைக்காரன் காலத்திலும் மாணவர்கள் அதைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அண்ணன் சொல்வான். எங்கள் வீட்டுத் தரையில் துணியை விரித்து அவன் பென்சிலால் போட, நான் மஞ்சள் பூசுவேன். ஒரு தடவை கை தவறி, தூக்கிய கால் தரையில் பட்டுவிட்டது. "காலை இறக்கிட்டியே. இப்ப இது சண்டைக்கு நிக்குதா, பஸ்ஸுக்கு நிக்குதா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் ஆபீஸில் சேர்ந்த இரண்டாம் வருஷம், மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், வரவேற்புக்கு மர வளைவு ஒன்று கட்டினார்கள். மயிலை நாட்டின் பறவையாக அறிவித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வளைவின் உச்சியில் மயில் இருந்தே ஆக வேண்டும் என்றார் எங்கள் பெரிய அதிகாரி. வடக்கேயிருந்து வந்தவர், எல்லாரும் அவரைச் சாப் என்போம். பெயின்டர் கப்பலேறி வடக்கே ரங்கத் என்ற ஊருக்குப் போயிருந்தான், வர நாலு நாள் ஆகும். "ட்ரேஸர் லட்கி இருக்கிறாளே" என்று என்னை அனுப்பிவிட்டார்கள். பார்த்து நகல் எடுக்கப் படம் எதுவும் இல்லை. அந்த ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக, சொந்தமாகக் கோடு போடச் சொன்னார்கள். ஏணியில் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் கை தானாகப் போட்டது.

கழுத்துக்கு ஸ்டோரில் படகுக்கு அடிக்க வைத்திருந்த நீலம், தோகைக்குப் பச்சை. முடித்து இறங்கியபோது ஹெட் கிளார்க் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரர், என் மேல் பிரியமானவர். "நல்லா அமைஞ்சிட்டும்மா. முருகன் மட்டும் ஏறி உக்காந்துட்டா கும்பிட்டுட்டுப் போயிரலாம்" என்றார். சாப் வந்து பார்த்து, "பஹுத் அச்சா" என்றார். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. எனக்கே வரவில்லை. என் கைக்குத் தெரிந்த மயில் அது ஒன்றுதான்.

மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வெகு நேரம் அண்ணாந்து பார்த்தாள். "அவன் கை" என்றாள். நாங்கள் ஊருக்குச் சற்று வெளியே டாலிகஞ்சில் ஒரு கடைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தோம். வாசலுக்கே மீன் வரும். ஆனால் அன்றிலிருந்து அம்மா பஸ் பிடித்து ஜெட்டிக்கு வந்துதான் மீன் வாங்குவாள். "மீன் வாங்க வர்றியா, மயிலைப் பாக்க வர்றியா?" என்று சீண்டுவேன். "ரெண்டுக்குந்தான். உனக்கு என்னடி வந்தது?" என்பாள். பெரிய மனிதர் வந்து போன பிறகும் வளைவைப் பிரிக்கவில்லை. அதற்கு எதிரே ஒரு கட்டை கிடந்தது. மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பாள். பார்ப்பவர்கள் ஏதோ கப்பலுக்குக் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்த தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ்காரர்கள் எல்லாரும் லாஞ்ச் மோட்டார் படகை எடுத்துக்கொண்டு ராஸ் தீவுக்குப் போனோம். வெள்ளைக்காரர்கள் வாழ்ந்துவிட்டு விட்டுப்போன தீவு. கூரை இல்லாத வீடுகளை மரத்தின் வேர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. மற்றவர்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்துகொண்டிருந்தபோது நான் தனியாக உள்ளே நடந்தேன். இலைக்கு நடுவே இறங்கிய வெயில் பச்சையாக இருந்தது. கதவில்லாத ஒரு வாசலில் மான் ஒன்று நின்றுகொண்டு, வீட்டுக்காரி மாதிரி என்னை ஏற இறங்கப் பார்த்தது. அப்போது மேலே ஏதோ அசைந்தது. இடிந்த சுவரின் மேல் ஒரு மயில். உயிரோடு நான் பார்த்த முதல் மயில். அது அசையவில்லை, நானும் அசையவில்லை. கடல் சத்தம்கூட நின்று போயிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. அது தலையைத் திருப்பியபோதுதான் கொண்டையைக் கவனித்தேன். ஈட்டி இல்லை. நுனியில் பொட்டு வைத்த சின்னச் சின்னக் குச்சிகள், விசிறி மாதிரி விரிந்திருந்தன.

நான் போட்டது இந்த நாட்டு மயில் இல்லை. அரசாங்க வளைவின் உச்சியில் பர்மா மயிலை ஏற்றி வைத்திருக்கிறேன். அதுவும் அங்கே தடை செய்த கொடியிலிருந்து இறங்கி வந்த மயிலை. எங்கள் காகிதங்கள்கூட அப்போது முழுசாகக் கைக்கு வரவில்லை. அகதியாக வந்த பெண் வேண்டுமென்றே செய்தாள் என்று ஒருவர் சொன்னால் போதும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "மயில்னா மயில்தாண்டி. எவன் ஏணி போட்டு ஏறிக் கொண்டையைப் பாக்கப் போறான்? வாயைத் திறக்காம இரு" என்றாள். நானும் திறக்கவில்லை. பயத்தினால் மட்டும் இல்லை; அதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால், நார்கொண்டம் தீவுப் பக்கத்தில் ஒரு பர்மா மீன்படகைப் பிடித்தார்கள். ஏழு பேர். திசை தவறி வந்தோம் என்று கைகாட்டினார்களே தவிர, அவர்கள் பேச்சு போலீஸ்காரர்களுக்குப் புரியவில்லை. பர்மியம் தெரிந்த ஆளைத் தேடியபோது ஆபீஸிலிருந்து என்னை அனுப்பினார்கள். லாக்கப் கம்பிக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சப்-இன்ஸ்பெக்டர் கேட்பதை அவர்களுக்கும், அவர்கள் சொல்வதை அவருக்கும் சொன்னேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய் நிறையப் பர்மியம் பேசினேன். கம்பிக்கு உள்ளே ஏழு பேர் அழுதுகொண்டிருக்க, எனக்கு நாக்கில் வெல்லம் வைத்தாற்போல இருந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டேன்.

படகுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தன் மருமகனையும் கூட்டிக்கொண்டு கடலுக்கு வந்திருந்தார். மருமகன் கிளம்பியபோது அவன் மனைவிக்கு ஏழு மாசம். நான் போகும்போதெல்லாம், "பிறந்தது ஆணா பொண்ணான்னு கேட்டுச் சொல்ல முடியுமாக்கா?" என்று கேட்பான். நான் யாரிடம் போய்க் கேட்பது? அம்மா அவர்களைப் பார்த்ததே இல்லை. ஆனால் வாரம் தவறாமல் கருவாட்டையும் மிளகாயையும் இடித்து, அந்த ஊர்க்காரர்களுக்குப் பிடித்த பக்குவத்தில் ஒரு தொக்கு செய்து என்னிடம் கொடுத்தனுப்புவாள். "யார் பெத்த பிள்ளைங்களோ" என்பாள். மழைக்காலம் முழுக்க அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவன் காய்ச்சலில் பாதியாக இளைத்துப்போனான். இரண்டு அரசாங்கமும் எழுதிக்கொண்டே இருந்து, கடைசியில் பர்மாக் கப்பல் ஒன்று வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகும் என்று முடிவாயிற்று. மத்தியானம் வந்து சாயங்காலம் கிளம்பிவிடும். அதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

சாப் அதை விமரிசையாகச் செய்ய நினைத்தார். வளைவுக்கு இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, ஒன்றில் நம் கொடி, இன்னொன்றில் பர்மாக் கொடி. ஹெட் கிளார்க் டேப் பிடித்து அளந்தபோது பர்மாக் கம்பம் இரண்டு விரல் உயரமாக இருந்தது. மண்ணைத் தோண்டி இறக்கினார்கள். மறுபடி அளந்தால் நம்முடையது ஒரு விரல் அதிகம். "இதை இப்படியே விடு" என்றார் சாப். "நம்ம ஊர்ல நம்மது ஒரு விரல் ஒசந்து இருந்துட்டுப் போவுது, என்ன இப்ப" என்று கிளார்க்கும் டேப்பைச் சுருட்டினார்.

ஏழு பேரையும் புதுச் சட்டை போட்டு ஜெட்டியில் உட்கார வைத்திருந்தார்கள். கப்பல் வந்து சற்றுத் தள்ளி நின்றது. வெளிநாட்டுக் கப்பல் துறைமுகத்துக்குள் வந்தால் அந்த ஊர்க் கொடியை ஏற்றுவது வழக்கம். அதன் கொடிமரத்தில் நம் மூவர்ணம் பறந்தது. ஒரு படகில் அவர்களுடைய அதிகாரி வந்து இறங்கினார். இளவயது, உடுப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. சிரித்துக்கொண்டே நடந்து வந்தவர், வளைவுக்குப் பத்தடி முன்னால் நின்றார். மேலே பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது.

"இதை இறக்கச் சொல்லுங்க" என்றார் என்னிடம், பர்மியத்தில். "எங்க நாட்டுல தடை செஞ்ச கொடியில இருக்கறது இது. இதுக்குக் கீழே எங்க கொடியையும் கட்டிட்டு, என்னையும் நடந்து வரச் சொல்றாங்களா?"

நான் புத்திசாலித்தனம் என்று நினைத்து, அதை மழுப்பிச் சொன்னேன். "சாப், அவருக்கு அந்த மயில் பிடிக்கலையாம்." இதைவிட மோசமாகச் சொல்லியிருக்க முடியாது. சாப் முகம் சிவந்தது. "பிடிக்கலையா? யே ஹமாரா ராஷ்ட்ரீய பக்ஷி ஹை. நம்ம தேசியப் பறவை! இறக்க முடியாதுன்னு சொல்."

சொன்னேன். "அவங்க பறவையா? இது எங்க ராஜாக்களோட மயில். எங்களுதை எடுத்து வச்சுக்கிட்டு அவங்களுதுன்னு சொல்றாங்களா?" என்றார் அவர். வேண்டாத மயில் என்றவர், அடுத்த மூச்சில் என் மயில் என்றார். சாப்பும் விடுவாரா? கிருஷ்ண பகவான் தலையில் செருகியிருப்பது யார் ஊர் மயில் என்று கேட்கச் சொன்னார். "முருகனையும் சேத்துக்கம்மா" என்று கிளார்க் என் காதருகே முணுமுணுத்தார். நான் முருகனைச் சேர்க்கவில்லை. ஒரு பறவைக்காக இரண்டு பெரிய மனிதர்கள் வேர்த்து விறுவிறுத்து நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்திருந்த ஏழு பேரைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்று கிளார்க் சொல்லிப் பார்த்தார். தேசியப் பறவைக்குச் சாக்குப் போர்த்துவதா என்று சாப் பாய்ந்தார். வளைவைச் சுற்றிப் பக்கவாட்டில் போகலாமே என்று நான் அந்த அதிகாரியிடம் கேட்டேன். திருடன் மாதிரியா என்றார். பேச்சு முற்றி, கப்பலில் இருக்கிற உங்கள் கொடியை இறக்கச் சொல்லிவிட்டு இப்படியே திரும்புகிறேன் என்றார். நீ இறக்கு, நானும் இங்கே இறக்குகிறேன் என்றார் சாப். பியூன் போய்ப் பர்மாக் கம்பத்துக் கயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றான். நடுவில் இரண்டு மொழியையும் மாற்றி மாற்றிப் பேசி என் வாய் உலர்ந்துவிட்டது.

படகுக்காரருக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் அவர்கள் அதிகாரி பேசியது அத்தனையும் காதில் விழுந்திருந்தது. அவர் யாரையும் கெஞ்சவில்லை. மடித்து வைத்திருந்த பழைய லுங்கியை மெதுவாகப் பிரித்து, மறுபடி உள்ளே போவதற்கு ஆயத்தம் செய்கிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டார். மருமகன் மட்டும் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதையும் காதில் வாங்கவில்லை. ஓதம் ஏறி, ஜெட்டிப் படிக்கட்டின் மேல்படி வரை தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கப்பல் போய்விடும்.

"சாப்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "இது நம்ம மயில் இல்லை. நான் தப்பாப் போட்டுட்டேன். நம்ம மயிலுக்குக் கொண்டை விசிறி மாதிரி இருக்கும். வேணும்னா ராஸ் தீவில் போய்ப் பாருங்க. இது பர்மா மயில்."

சாப் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு வருஷமா இது இங்கே இருக்கு. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கிளார்க் கண்ணை மூடிக்கொண்டார். வேலை போயிற்று என்று நானும் நினைத்தேன். ஆனால் சாப்பின் முகத்தில் கோபத்தோடு ஏதோ ஒரு நிம்மதியும் வந்ததைப் பார்த்தேன். அந்நியன் சொல்லி மாற்றினால் அவமானம். தன் ஆபீஸின் தப்பைத் தானே திருத்தினால் ஒழுங்கு. "கரெக்ட் பண்ணு. இப்பவே" என்றார். "உன்கிட்ட அப்புறம் பேசறேன்." பர்மா அதிகாரியிடம், படம் பிழையாக வரையப்பட்டிருக்கிறது, திருத்தப் போகிறோம் என்றேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

படகுகளுக்கு அடிக்கிற பெயின்ட் இரண்டு டப்பா வந்தது. ஏணியில் ஏறினேன். அந்த மயிலை நான் அவ்வளவு கிட்டத்தில் ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை. வெயிலில் லேசாக வெளுத்திருந்தது, கண் மட்டும் அப்படியே இருந்தது. பின்னணி நிறத்தை எடுத்துக் கொண்டையை மூடினேன். ஈட்டி மறைந்த இடத்தில் குச்சிகள் போட்டு, நுனியில் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தேன். பிறகு காலுக்கு வந்தேன். தூக்கிய காலை அழித்துவிட்டு, தரையில் ஊன்றிய கால் ஒன்றைப் போட வேண்டும். அதைப் போடும்போது பஸ்ஸுக்கு நிக்குதா என்று அண்ணன் கேட்டது நினைவுக்கு வந்து, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தை யாரும் பார்க்காதபடி பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அண்ணன் இரண்டாம் தடவை போகிறான், இந்தத் தடவை நானே அனுப்புகிறேன் என்றுதான் தோன்றியது.

ஏணிக்கு அடியில் பர்மா அதிகாரி வந்து நின்றிருந்தார். "பழகின கை" என்றார் மெதுவாக. "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

அவருக்கும் அண்ணன் வயதுதான் இருக்கும். அதே ஊர்ப் பேச்சு, ஒருவேளை அதே காலேஜ். ஒரு பெயரைச் சொல்லி, இவனைத் தெரியுமா, இருக்கிறானா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்டால் அவர் முகம் மறுபடி மாறிவிடுமோ, ஏழு பேரை ஏற்றாமல் போய்விடுவாரோ என்று பயம். "ஸ்கூல்ல" என்றேன். அவர் இன்னொரு தடவை மேலே பார்த்துவிட்டு நகர்ந்து போனார். கேட்டிருக்க வேண்டும். அவர்கள் படகில் ஏறிய பிறகாவது ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்தும் அதற்காக என் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

நான் இறங்கியதும் எல்லாம் மளமளவென்று நடந்தது. இரண்டு அதிகாரிகளும் வளைவுக்குக் கீழே கை குலுக்கினார்கள். இரண்டு கொடியும் ஒரே காற்றில் ஆடின. ஒரு விரல் வித்தியாசத்தை யாரும் கவனிக்கவில்லை. ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக வளைவைக் கடந்து படகுக்குப் போனார்கள். மருமகன் என்னைத் தாண்டும்போது, "போய்ப் பாத்துட்டு எழுதறேன்க்கா" என்றான். எந்த விலாசத்துக்கு என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. படகுக்காரர் மட்டும் வளைவுக்குக் கீழே ஒரு கணம் நின்று அண்ணாந்து பார்த்தார். கையில் பெயின்டோடு நின்ற என்னைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார். கப்பல் கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே கடல் ஆவிக்குள் மறைந்துவிட்டது.

சாப் அப்புறம் பேசவே இல்லை. கிளார்க் ஃபைலில் 'படம் திருத்தப்பட்டது' என்று ஒரு வரி எழுதி மூடினார். அடுத்த மாதமும் மஸ்டர் ரோலில் என் பெயர் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம், பிள்ளைகள் கப்பலேறிவிட்டார்கள் என்பதை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஜெட்டிக்கு இறங்கிப் போனேன். அம்மா அந்தக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். மீன் வாங்கவில்லை, கூடை காலியாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"யாருடி அதுல கை வச்சது?"

"நான்தாம்மா."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அதிகாரிகள் சண்டை போட்டது, தண்ணீர் ஏறியது, படகுக்காரர் லுங்கியைத் தோளில் போட்டுக்கொண்டது, எல்லாம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அம்மா இரண்டு காலும் ஊன்றி நிற்கிற அந்த மயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காய்ச்சல்காரப் பையன்? அவனும் ஏறிட்டானா?"

"ஏறிட்டான்."

"நல்லதுடி" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, பெயின்ட் இன்னும் போகாத என் விரல்களை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டி, அங்கேயும் நம்ம பிள்ளைக்காக எவளாச்சும் இப்படி எதையாவது அழிச்சிருப்பாளா?"

அம்மா பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.